நண்பர்கள் விலகிப் போகிறார்கள், நான் படிப்பதுதான் காரணமா?

வணக்கம். இந்த வாரம் ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். எழுதியவருக்கு 29 வயது, கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறார். "இரண்டு ஆண்டுகளாகத் தீவிரமாகப் படிக்கிறேன். கல்லூரி நண்பர்களோடு உட்கார்ந்தால் வீட்டுக் கடன், கார், பழைய வகுப்பறைக் கேலி, இவ்வளவுதான் பேச்சு. என்னால் ஒட்ட முடியவில்லை. அவர்களும் கூப்பிடுவதைக் குறைத்துவிட்டார்கள். இது என் திமிரா? படிப்பைக் குறைத்துக்கொண்டு அவர்களோடு இருந்துவிடலாமா?" என்று கேட்கிறார்.

படிப்பைக் குறைக்க வேண்டாம், தம்பி. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பிரிவை ஏன் குற்றமாக நினைக்கிறீர்கள்? ஒரே விடுதி, ஒரே மெஸ், ஒரே பரீட்சைப் பயம். அந்த நட்பு அதன்மேல் நின்றது. அந்த இடம் போனதும் ஆளுக்கொரு திசையில் போவது இயல்பு. வள்ளுவர் "உவப்பத் தலைக்கூடி உள்ளப் பிரிதல் அனைத்தே புலவர் தொழில்" என்கிறார். மகிழ்ந்து கூடுவதை எல்லோரும் எடுத்துச் சொல்வார்கள். இனி எப்போது பார்ப்போம் என்று நினைக்கும்படியாகப் பிரிவதையும் அவர் அதே மூச்சில் சேர்த்திருக்கிறார். நாம் அந்தப் பாதியைக் கவனிப்பதில்லை.

இப்போது உங்கள் தனிமைக்கு வருவோம். சுற்றிலும் ஆட்கள் இருக்கிறார்கள், ஆனால் உங்களிடம் யாரும் ஒரு கேள்வி கேட்பதில்லை. வலிக்கிற இடம் அதுதான் என்று நினைக்கிறேன். அப்படி ஒரு கேள்வி என்ன செய்யும் என்பதற்கு உ.வே.சாமிநாதையர் வாழ்க்கையில் ஒரு நாள் இருக்கிறது. 1880 அக்டோபர் 21. அவருக்கு 25 வயது. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். ஊருக்கு முன்சீபாக, அதாவது நீதிபதியாக, வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்கிறார். இவர் அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலா என்று அடுக்குகிறார். முதலியார் முகத்தில் ஒரு மலர்ச்சியும் இல்லை. கடைசியில், சீவக சிந்தாமணி படித்ததுண்டா, சிலப்பதிகாரம், மணிமேகலை படித்ததுண்டா என்று கேட்கிறார். இல்லை என்றுதான் இவர் சொல்ல வேண்டியிருந்தது. அதைத் தம் வரலாற்றில் அவரே மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

அந்த இடத்தில் முகம் சுருங்கித் திரும்பிப் போயிருக்கலாம். அவர் போகவில்லை. முதலியாரிடமிருந்தே சிந்தாமணியின் ஒரு பிரதியை வாங்கிக்கொண்டு, அவரோடு உட்கார்ந்து படிக்கத் தொடங்கினார். புரியாத இடங்களுக்கு, அந்த நூலைப் போற்றிப் படித்துவந்த கும்பகோணத்துச் சமணர்களைத் தேடிப் போய்க் கேட்டார். 1887இல் சிந்தாமணி அச்சில் வந்தது. இடையில் ஏழு ஆண்டுகள்! ஏட்டுச்சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. எகரமும் ஏகாரமும் ஒன்றுபோல இருக்கும், காலும் ரகரமும் ஒன்றுபோல இருக்கும். ஒரு சொல் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று தெரிய, பல ஏடுகளை அருகருகே வைத்துக்கொண்டு ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். அந்த வேலையைக் கூட்டத்தில் இருந்துகொண்டு செய்ய முடியாது. ஆனால் அந்த ஏட்டின் முன்னால் அவர் தனித்து உட்கார்ந்ததால்தான் முதலியாரும், சமணர்களும், சுவடி கொடுத்த பலரும் அவருக்கு உறவானார்கள். முதலியார் சென்னைக்குப் போன பிறகும் அந்தத் தொடர்பு விட்டுப்போகவில்லை.

அதனால் நீங்கள் ஒரு நூலைப் பிடித்தால் ஆறு மாதமாவது அதோடு இருங்கள். ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டு, புரியாததை மட்டும் அதில் எழுதுங்கள். புரிந்ததை எழுத வேண்டாம், அது நம்மைப் பற்றிய பெருமையாக மாறிவிடும். அந்தப் புரியாத பக்கங்கள்தான் உங்களை ஒருவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும். எத்தனை புத்தகம் முடித்தோம் என்ற கணக்கு எவரிடமும் சேர்க்காது.

திமிரா என்று கேட்டீர்கள். இதில் நான் தவறு செய்தவன், அதனால் சொல்கிறேன். என்னோடு படித்த ஒருவன் எங்கள் ஊரில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறான். அவனிடம் பேச ஒன்றுமில்லை என்று பத்து ஆண்டுகள் ஒதுங்கியே இருந்தேன். ஒருமுறை வீட்டு மோட்டார் எரிந்துபோய், வேறு வழியில்லாமல் அவன் கடைக்குப் போனேன். வார்னிஷ் வாடை. பெஞ்சின்மேல், ஏதோ வயலிலிருந்து வந்த ஒரு மூன்று ஃபேஸ் மோட்டாரின் எரிந்த கம்பிச்சுருள். அதைக் கையில் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒரு ஃபேஸ் போயிருக்கிறது, தெரியாமல் ஓட்டியிருக்கிறார்கள்" என்றான். எப்படித் தெரியும் என்று கேட்டேன். பாரம் அதிகமாகி எரிந்தால் சுருள் முழுவதும் ஒரே மாதிரி கருகும், ஃபேஸ் போனால் சில கட்டுகள் மட்டும் கருகி, மற்றவை புதிது போலவே இருக்கும் என்று விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினான். நான் ஏட்டைப் படிக்க ஆசைப்பட்டவன். அவன் என் கண் முன்னால் ஒரு செம்புக் கம்பியைப் படித்துக்கொண்டிருந்தான். பத்து ஆண்டுகளில் அவனிடம் நான் கேட்ட முதல் கேள்வி அதுதான் என்பது அப்போதுதான் உறைத்தது. அவன் விலகிப் போகவில்லை, நான்தான் கேட்காமல் இருந்திருக்கிறேன்.

உங்கள் நண்பர்கள் எல்லோரும் அப்படி இருப்பார்கள் என்று சொல்ல மாட்டேன். சிலரிடம் உண்மையிலேயே பேச ஒன்றும் மிஞ்சியிருக்காது. அவர்களை நல்ல மனத்தோடு போகவிடுங்கள், கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் போய்விட்டு வாருங்கள். ஆனால் முடிவு கட்டும் முன் ஒருமுறையாவது, அந்த வீட்டுக் கடன்காரரிடம் அவருடைய வேலையைப் பற்றி ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்.

அன்று என் நண்பன் கம்பி சுற்றிக்கொண்டே, "நீ அப்படி என்னதான் படிக்கிறாய்?" என்று கேட்டான். இந்த முன்சீப் கதையைத்தான் சொன்னேன். சுற்று எண்ணிக்கை தவறிவிடும் என்று அவ்வப்போது கையைக் காட்டி என்னை நிறுத்தினான். எண்ணி முடித்ததும், "ம், சொல், புத்தகம் அச்சானதை அந்த முன்சீப் பார்த்தாரா?" என்று கேட்டான்.

பார்த்தார் என்றேன்.