ஒரு சீசனில் அதிக ட்ரிபிள்: வேகம் மட்டும் போதுமா?

[திரையில்: மேலிருந்து ஒரு பேஸ்பால் மைதானம். ஹோம் பிளேட்டிலிருந்து மூன்றாம் பேஸ் வரை சிவப்புக் கோடு]

ஓடுபவர் வரிசையாகத் தொட வேண்டிய இடங்கள்தான் பேஸ்கள். ஒரு பேஸிலிருந்து அடுத்த பேஸுக்கு 90 அடி. தான் அடித்த பந்தின் பலத்தாலேயே, எதிரணியின் பிழை எதுவும் இல்லாமல், அடிக்கும் இடமான ஹோம் பிளேட்டிலிருந்து 270 அடி ஓடி மூன்றாம் பேஸில் நின்றால் அது ட்ரிபிள்.

[திரையில்: 1912 – சீஃப் வில்சன் – 36]

வட அமெரிக்காவின் முதன்மை பேஸ்பால் போட்டியான மேஜர் லீக்கில் ஒரு சீசனின் உச்சம் இதுதான். பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியின் வில்சன் வேறு எந்த சீசனிலும் 15-ஐக்கூடத் தொடவில்லை. ஆனால் அவருடைய சொந்த மைதானமான ஃபோர்ப்ஸ் ஃபீல்டில் சுவரின் தொலைவான பகுதி 450 அடிக்கும் அப்பால் இருந்தது. 36-இல் 24 அங்கே அடித்தவை. பேஸ்களுக்கு இடையிலான தூரத்தை விதி நிர்ணயிக்கிறது. சுவர் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது மைதானத்துக்கு மைதானம் மாறும். ட்ரிபிள் பட்டியலைப் பார்க்கும்போது முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

சுவர்கள் நெருங்கி வந்தபின் எண்ணிக்கை சுருங்கியது. 2007-இல் டெட்ராய்ட் டைகர்ஸின் கர்டிஸ் கிராண்டர்சன் அடித்த 23, 1949-க்குப் பின் யாரும் தாண்டாத அளவு. கன்சாஸ் சிட்டியின் வில்லி வில்சன் 1985-இல் 21 அடித்தார். அங்கே அப்போது செயற்கைப் புல்தரை. ஃபீல்டர்களுக்கு நடுவே விழும் பந்து வேகம் குறையாமல் சுவர்வரை ஓடிவிடும். அரிசோனாவின் கார்பின் கரோல் 2024-இல் 14, 2025-இல் 17. அவருடைய சேஸ் ஃபீல்டில் நேர் நடுவில் சுவர் 407 அடி, அதன் இருபுறமும் 413 அடி.

[திரையில்: முதல் பேஸ், நெருக்கத்தில். காலடித் தடங்கள் வளைகின்றன]

இப்போது ஓட்டம். முதல் பேஸுக்குச் சில எட்டு முன்பே வலப்பக்கம் விலகி, உடலை உள்பக்கம் சாய்த்து, பேஸின் உள்மூலையை மிதிக்க வேண்டும். நேர்கோட்டில் வந்து மிதித்தால், திரும்பும்போது உடல் ரைட் ஃபீல்ட் (ஹோம் பிளேட்டிலிருந்து பார்த்தால் வலப்பக்க வெளிமைதானம்) பக்கம் தள்ளப்படும். பல அடி தூரம் வீண். இரண்டாம் பேஸை நெருங்கும்போது பந்தைத் திரும்பிப் பார்க்கவே கூடாது, வேகம் செத்துவிடும். கண் மூன்றாம் பேஸ் அருகே நின்று சைகை காட்டும் கோச்சின் கைமேல் இருக்க வேண்டும்.

ரைட் ஃபீல்ட் மூலையிலிருந்து மூன்றாம் பேஸுக்குத்தான் எறிதூரம் அதிகம். அதனால் பந்து இடையில் ஒரு கை மாறி வரும். அந்த ஒரு நொடிதான் ஓடுபவரின் வாய்ப்பு. இடக்கை ஆட்டக்காரர்களுக்கு இதில் இரட்டை லாபம்: முதல் பேஸுக்கு ஓரிரு எட்டு அருகே நிற்கிறார்கள், இழுத்து அடித்தால் பந்து ரைட் ஃபீல்டுக்கே போகும்.

எங்கே தவறுகிறது? மிகப் பலமாக அடித்தால் பந்து சுவரில் மோதி ஃபீல்டரிடமே திரும்பிவிடும். தரையில் குத்திச் சுவரைத் தாண்டினால் இரண்டு பேஸ்தான், எவ்வளவு வேகமாக ஓடினாலும். மூன்றாம் பேஸில் அவுட் ஆனால் கணக்கில் ஏறுவது டபிள், அதாவது இரண்டு பேஸ் அடி.

[திரையில்: ஸ்கோர்போர்டில் அவுட் விளக்குகள்]

அவுட் எண்ணிக்கையும் (மூன்று ஆனால் அணியின் முறை முடியும்) முடிவை மாற்றும். இரண்டு அவுட் என்றால், இரண்டாம் பேஸில் நின்றாலே அடுத்தவர் அடிக்கும் சிங்கிளில் (ஒரு பேஸ் அடி) பெரும்பாலும் ரன் வந்துவிடும். மூன்றாவதுக்கு ஓடுவது வீண் துணிச்சல். அவுட் ஏதும் இல்லையென்றாலும் அவசரம் தேவையில்லை. ஒரு அவுட் என்றால், மூன்றாம் பேஸில் நிற்பவர் உயரப் பறந்து பிடிபடும் பந்திலும் ரன் எடுக்கலாம். கோச் துணிந்து, ‘ஓடு’ என்று கையைச் சுழற்றுவது அப்போதுதான்.