தாழ்வான காரும் முழங்காலும்

வணக்கம் நேயர்களே. கோவையில் நெடுநாளாக இயன்முறை மருத்துவம் பார்த்து வருகிறேன். மக்கள் சொல்வது போல் சொன்னால், பிசியோ. முழங்கால் வலி என்று வருகிறவரிடம், "கார் ஓட்டுவீர்களா?" என்று கேட்பது என் வழக்கம். ஆமாம் என்றால், "எந்தக் கால் வலிக்கிறது?" என்பேன். இடது கால் என்றால் கிளட்சைப் பற்றி விசாரிப்பேன். வலது கால் என்றால் கதவைப் பற்றி விசாரிப்பேன். கிளட்ச் எல்லோருக்கும் புரிந்துவிடும். கதவுக்கும் முழங்காலுக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் விழிப்பார்கள். அதனால் இன்றைக்குக் கதவிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஜவுளித் தொழில் செய்யும் ஒருவர் என்னிடம் வந்தார். வயது 50-ஐத் தாண்டிவிட்டது. சின்ன வயதிலிருந்து ஆசைப்பட்டு, இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்கியிருக்கிறார். பக்கத்தில் நின்றால் அதன் கூரை என் நெஞ்சுக்குக் கீழே இருக்கும். வாங்கி நாலு மாதத்தில் வலது முழங்காலின் உட்பக்கம் பிடித்துக்கொண்டது. "ஓட்டும்போது ஒன்றும் இல்லை டாக்டர், இறங்கும்போதுதான் சுளீர் என்கிறது" என்றார். கிளினிக் வாசலுக்கே போய், அவரை நாலைந்து தடவை ஏறி இறங்கச் சொல்லிப் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

நம் ஊர் கார்களில் ஓட்டுநர் இருக்கை வலப்பக்கம். ஏறும்போது இடது காலை முதலில் உள்ளே வைக்கிறோம். அந்த நேரத்தில் உடம்பின் பாரம் முழுவதும் வெளியே நிற்கும் வலது காலில் இருக்கிறது. அதே காலை மடக்கிக்கொண்டே கீழே இறங்க வேண்டும். இறங்கிக்கொண்டே உடம்பை முன்பக்கமாகத் திருப்பவும் வேண்டும். பாதமோ தரையில் ஊன்றி நிற்கிறது, அது திரும்பாது. மேலே இடுப்பு திரும்புகிறது, கீழே பாதம் நிற்கிறது, நடுவில் மாட்டிக்கொள்வது முழங்கால். இறங்கும்போதும் இதே கதைதான். வலது காலை வெளியே வைத்து, அந்த ஒற்றைக் காலில் எம்பி, எம்பும்போதே திரும்புகிறோம். உயரமான காரில் இது பெரிதாகத் தெரியாது. இருக்கை தரையோடு தரையாக இருக்கும் காரில், ஒற்றைக் காலில் தோப்புக்கரணம் போட்டுக்கொண்டே திரும்புவதற்குச் சமம்.

முழங்கால், கதவுக் கீலைப் போல மடங்கி நீளும் மூட்டு. மடங்கியிருக்கும்போது மட்டும் கொஞ்சம் திரும்பவும் செய்யும். தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவே பிறை வடிவத்தில் இரண்டு குருத்தெலும்புத் தட்டுகள் இருக்கின்றன. 'ஜவ்வு கிழிந்துவிட்டது' என்று சொல்கிறோமே, பல நேரம் அந்தத் தட்டுகளைத்தான். மடங்கிய முழங்காலில் பாரத்தை ஏற்றித் திருகினால் அவை எலும்புகளுக்கு நடுவே நசுங்கும். வயதாக ஆக அவற்றின் நெகிழ்வுத்தன்மை குறைவதால், விளையாட்டு வீரருக்குப் பெரிய அடி பட்டுக் கிழிவது 50 வயதுக்காரருக்குச் சாதாரணமாக எழும்போதே கிழியலாம்.

முழங்காலின் முன்பக்கம் மூடிபோல இருக்கும் சின்ன எலும்பான சில்லின் கணக்கு வேறு. சமதரையில் நடக்கும்போது சில்லின் மேல் விழும் அழுத்தம் உடல் எடையில் ஏறக்குறைய பாதி. படி ஏறி இறங்கும்போது சுமார் 3 மடங்கு. ஆழமாகக் குந்தி எழும்போது 7 மடங்கையும் தாண்டலாம். 70 கிலோ எடையுள்ளவருக்கு அது அரை டன் அளவு. சீட்டு தாழத் தாழ, அதிலிருந்து எழுவதும் இந்தக் கடைசிக் கணக்கை நோக்கிப் போகும்.

கார் தயாரிப்பாளர்களும் இந்தக் கஷ்டத்தைச் சந்தித்தவர்கள்தான். 1954-இல் வந்த மெர்சிடிஸ் 300 எஸ்எல் காரின் கதவுகள் பறவையின் சிறகு போல மேலே திறக்கும். பார்க்க அழகு. ஆனால் காரணம் அழகில்லை. வண்டியின் பலத்துக்காகக் குழாய்களால் கட்டிய சட்டம் இரு பக்கமும் உயரமாக எழுந்து நின்றது. சாதாரணக் கதவு வைக்க இடமே இல்லை. அந்த உயரமான மதிலைத் தாண்டிக் கால் வைக்க வேண்டியிருந்ததால் ஸ்டீயரிங்கையும் மடக்கும்படி செய்தார்கள். ஃபோர்டு ஜிடி40 காரின் பெயரில் உள்ள 40, தரையிலிருந்து கூரை வரை அதன் உயரம், அங்குலத்தில். கிட்டத்தட்ட 102 செ.மீ. நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையைவிட ஏறக்குறைய ஓர் அடிதான் உயரம். இன்றைய ஸ்போர்ட்ஸ் கார்கள் அவ்வளவு தாழ்வில்லை. ஆனாலும் கதவுக்குக் கீழே அகலமான படி இருக்கும், சீட்டு அந்தப் படிக்கும் கீழே பள்ளத்தில் இருக்கும்.

சரி, எப்படி ஏறுவது? நான் நோயாளிகளுக்குச் சொல்லும் வார்த்தையை எனக்குக் கொடுத்தவர் அந்த ஜவுளிக்காரரின் அம்மா. ஒருநாள் அவரையும் அந்தக் காரிலேயே அழைத்து வந்திருந்தார். போகும்போது வழியனுப்ப வெளியே வந்தேன். அந்தம்மா கதவுப் பக்கம் போய், காருக்கு முதுகைக் காட்டி நின்றார். புடவைக் கொசுவத்தை ஒரு கையால் ஒதுக்கிக்கொண்டு, இன்னொரு கையைக் கூரை விளிம்பின் மேல் ஊன்றி, அப்படியே பின்னால் உட்கார்ந்தார். இரண்டு காலும் வெளியே. அப்புறம் தலையைக் குனிந்து, இரண்டு காலையும் சேர்த்து உள்ளே இழுத்துக்கொண்டார். "யார் சொல்லிக் கொடுத்ததுங்கம்மா?" என்று கேட்டேன். "இதுக்கென்ன கண்ணு, திண்ணைல உக்கார்ற மாதிரிதானே" என்றார்.

அன்றிலிருந்து நானும் அப்படியே சொல்கிறேன். முதலில் திண்ணையில் உட்காருங்கள், அப்புறம் திரும்புங்கள். பின்னால் நகர்ந்து நகர்ந்து, கெண்டைக்காலின் பின்பக்கம் காரின் படியில் படும்வரை வாருங்கள். உட்காரும்போது பாரத்தைக் கைகளிலும் இரண்டு கால்களிலும் பிரித்துக்கொடுங்கள். திரும்பும்போது இடுப்பு, முழங்கால், பாதம் மூன்றும் சேர்ந்தே திரும்ப வேண்டும். இறங்கும்போது இதையே தலைகீழாகச் செய்யுங்கள். சீட்டைப் பின்னால் தள்ளுங்கள். இரண்டு காலையும் சேர்த்து வெளியே கொண்டுவாருங்கள். சீட்டின் விளிம்புக்கு நகர்ந்து, பாதங்களை முழங்காலுக்கு நேர் கீழே, முடிந்தால் இன்னும் கொஞ்சம் உள்ளே இழுத்து ஊன்றுங்கள். மூக்கு கால்விரல்களுக்கு மேலே வருமளவு முன்னால் சாயுங்கள். அப்போது பாரம் பாதத்துக்கு வந்துவிடும், தொடைக்கும் இடுப்புக்கும் வேலை கிடைக்கும், முழங்கால் தனியாகத் தவிக்காது. ஒரு கை படியில், ஒரு கை கூரை விளிம்பில். திறந்த கதவைப் பிடித்துத் தொங்காதீர்கள், அது ஆடும்.

செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருப்பது கோவைக்காரர்களுக்குத் தெரியும். அங்கே பந்தய ஓட்டுநர்கள் ஃபார்முலா காரில் ஏறுவதைக் கவனித்திருக்கிறேன். அது மிகத் தாழ்வான வண்டி, கதவும் கிடையாது. சீட்டின் மேல் ஏறி நிற்பார்கள். இரு பக்கமும் கைகளை ஊன்றி, இரண்டு காலையும் நேராக முன்னால் நீட்டி, அப்படியே உள்ளே வழுக்கி இறங்குவார்கள். பாரம் கைகளில் இருக்கும். முழங்காலில் திருகலே இல்லை.

இன்னொன்று, நிறுத்தும் இடம். இரண்டு கதவுக் கார்களில் கதவு நீளமாக இருக்கும். நெருக்கமான பார்க்கிங்கில் பாதிதான் திறக்க முடியும். பாதி திறந்த கதவு வழியாக இரண்டு காலையும் சேர்த்துத் திருப்ப வழியில்லை, பழையபடி ஒற்றைக் காலில் நெளிந்துதான் வெளியே வர வேண்டும். கொஞ்சம் தள்ளியானாலும் காலியான மூலையில் நிறுத்துங்கள், நாலு அடி நடப்பது முழங்காலுக்கு நல்லதுதான். கூட வருகிறவருக்கும் முழங்கால் வலி இருந்தால் நடைபாதையை ஒட்டி நிறுத்தாதீர்கள். நடைபாதை அரை அடி உயரம் என்றால், அதில் கால் வைத்து எழுகிறவருக்குச் சீட்டு அரை அடி இன்னும் தாழ்ந்துவிட்டது என்று பொருள். அவரைச் சாலையில் பாதம் ஊன்றி எழவிடுங்கள். துணிச் சீட்டில் திரும்ப முடியாமல் உரசுகிறவர்கள் வழவழப்பான பிளாஸ்டிக் பை ஒன்றை விரித்து உட்கார்ந்து திரும்பலாம். வண்டியைக் கிளப்புமுன் அதை எடுத்துவிட வேண்டும். பிரேக் போடும்போது உடம்பு பெல்ட்டுக்கு அடியில் வழுக்கிவிடக்கூடாது.

இப்போது இடது முழங்கால். காந்திபுரத்திலிருந்து சிங்காநல்லூர் வரை, மாலை நேரத்தில், எத்தனை தடவை கிளட்சை மிதிக்கிறேன் என்று ஒருநாள் எண்ணிப் பார்த்தேன். நூறைத் தாண்டியதும் விட்டுவிட்டேன். மிதிப்பதைவிட, பாதி மிதித்தபடியே வைத்திருப்பதுதான் சில்லுக்குக் கெடுதல். சிக்னலில் நியூட்ரலுக்கு மாற்றி, ஹேண்ட்பிரேக் போட்டு, காலை எடுத்துவிடுங்கள். கிளட்சுக்கு இடப்பக்கம் கால் வைக்க ஒரு சின்ன மேடை இருக்கும், குதிகாலை அங்கே வையுங்கள். கிளட்ச் முன்பைவிட இறுக்கமாக இருக்கிறது என்று தோன்றினால், கால் பலவீனமாகிவிட்டது என்று நினைக்குமுன் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். தேய்ந்த கிளட்சும் துருப்பிடித்த கேபிளும் பெடலைக் கல்லாக்கிவிடும்.

சீட்டைச் சரிசெய்ய ஒரே ஒரு சோதனை போதும். இடுப்பை முழுக்கப் பின்னால் ஒட்டி உட்கார்ந்து, கிளட்சைக் கடைசிவரை மிதியுங்கள். அப்போதும் முழங்காலில் லேசான மடிப்பு மிச்சமிருக்க வேண்டும். மிக நெருங்கி உட்கார்ந்தால் முழங்கால் அதிகம் மடங்கிச் சில்லை அழுத்தும். மிகத் தள்ளி உட்கார்ந்தால் விரல் நுனியால் எட்டி எட்டி மிதிப்பீர்கள். சீட்டு உயரத்தை மாற்ற முடிந்தால், இடுப்பு முழங்காலின் மட்டத்திலோ சற்று மேலேயோ இருக்கட்டும். தாழ்வான ஸ்போர்ட்ஸ் காரில் கால் நீண்டிருப்பதால் ஓட்டும்போது சில்லுக்குச் சிரமம் குறைவு. ஜவுளிக்காரர் ஓட்டும்போது ஒன்றும் இல்லை என்று சொன்னது அதனால்தான். அங்கே கவனிக்க வேண்டியது வேறு. இடம் குறுகல் என்பதால் முழங்காலின் வெளிப்பக்கம் கதவிலோ நடுப் பெட்டியிலோ சாய்ந்தே கிடக்கும். முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கம், ஒரு நரம்பு எலும்பை ஒட்டித் தோலுக்கு அடியிலேயே ஓடுகிறது. மணிக்கணக்கில் அதை அழுத்தினால் பாதத்தின் மேல்புறம் மரத்துப்போகும், பாதத்தைத் தூக்கவே முடியாமலும் போகலாம். கதவிலோ நடுப் பெட்டியிலோ கால் படும் இடத்தில் மென்மையான பஞ்சுத் துண்டு ஒன்றை ஒட்டிவிடுங்கள்.

நீண்ட நேரம் மடக்கியே உட்கார்ந்தால் சில்லுக்கு அடியில் வரும் வலிக்கு மருத்துவர்கள் தியேட்டர் வலி என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். மூன்று மணி நேரம் படம் பார்த்து எழுந்தவருக்கு வரும் வலி. பயணத்தில் ஒரு மணி, ஒன்றரை மணிக்கு ஒருமுறை நிறுத்துங்கள். நிறுத்தியவுடன் இறங்காதீர்கள். உட்கார்ந்தபடியே முழங்காலைப் பத்து தடவை நீட்டி மடக்கி, பாதத்தை மேலும் கீழும் ஆட்டிவிட்டு, அப்புறம் எழுங்கள்.

வீட்டில் செய்ய ஒரு பயிற்சி. நாற்காலியில் இரண்டு தலையணை போட்டு உயரமாக்கி, கையை ஊன்றாமல் மெதுவாகப் பத்து தடவை உட்கார்ந்து எழுங்கள். ஒரு வாரம் வலியில்லாமல் முடிந்தால் ஒரு தலையணையை எடுங்கள். அப்புறம் அடுத்ததையும். ஜவுளிக்காரர் அந்த இரண்டாவது தலையணையை எடுக்க ஐந்து வாரம் ஆனது. அவசரப்படுத்த நான் விடவில்லை.

முழங்கால் மடங்கிய இடத்திலேயே பூட்டிக்கொண்டாலோ, சில மணி நேரத்தில் வீங்கினாலோ, நடக்கும்போது காலைவாரிவிட்டாலோ, சூடாகிக் காய்ச்சலும் வந்தாலோ இந்தப் பயிற்சிகளைத் தொடாதீர்கள், எலும்பு மருத்துவரிடம் போங்கள். நீண்ட பயணத்துக்குப் பிறகு ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் அது முழங்கால் விஷயமாக இல்லாமல் ரத்தக்கட்டியாக இருக்கலாம், அன்றே காட்டுங்கள். அதோடு மூச்சும் திணறினால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வலி வந்த நாளில் அந்த ஜவுளிக்காரர் என்னிடம் கேட்டது, "வண்டியை விற்றுவிடட்டுமா டாக்டர்?" என்றுதான். கேட்கும்போது அவர் முகம் வாடியிருந்தது. விற்கவில்லை. போன மாதம் ஆழியாறு வழியாக வால்பாறைக்கு ஓட்டிக்கொண்டு போயிருக்கிறார். மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில், அணை முழுக்கத் தெரியும் இடத்தில், நிறுத்தியிருக்கிறார். கதவை அகலத் திறந்து, இரண்டு காலையும் ஒன்றாக வெளியே வைத்து, கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்து அணையைப் பார்த்தாராம். எழும்போது வலி இல்லை என்று அங்கிருந்தே போன் செய்து சொன்னார்.

நன்றி நேயர்களே, வணக்கம்.