துணைக்கு வந்தவர்கள்

அவையில் கூடியிருக்கும் பெரியோர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

சொந்த ஊரிலிருந்து விரட்டப்பட்ட ஒரு பழங்குடி மக்களோடு இருந்து அமைதிக்காக உழைப்பதைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். மெக்சிகோவின் தெற்கே, சியாப்பாஸ் மாநிலத்து மலைகளில், செனலோ என்னும் வட்டாரத்தில் நடந்ததையே சொல்ல விரும்புகிறேன். மக்காச்சோளமும் காப்பியும் பயிரிட்டு வாழும் சோட்சில் மக்களின் ஊர்கள் அங்கே உள்ளன. மாயா இனத்தின் ஒரு கிளையினர் அவர்கள்.

1992-இல், நிலத் தகராறு ஒன்றில் காயமுற்றவர்களைத் தூக்கிச் சென்று உதவியவர்களையே குற்றவாளிகள் என்று சிறையில் அடைத்தார்கள். அவர்களை மீட்பதற்காகத் திரண்டு சென்று உண்ணாநோன்பிருந்த மக்கள் தமக்குச் சூட்டிக்கொண்ட பெயர் 'தேனீக்கள்'. 1994 ஜனவரி 1 அன்று பழங்குடி மக்களின் உரிமைகளைக் கோரிய சபாட்டிஸ்டாக்கள் என்ற கிளர்ச்சிப் படையினர் ஆயுதம் ஏந்தி எழுந்தபோது, அவர்களுடைய கோரிக்கைகள் நியாயமானவை, ஆனால் துப்பாக்கி எங்கள் வழியன்று என்று இவர்கள் சொன்னார்கள். அன்றைய ஆளுங்கட்சியைச் சார்ந்த ஆயுதக் குழுக்களுக்கு இந்த நிலை பொறுக்கவில்லை. தோட்டா வாங்கப் பணம் கேட்டார்கள். கொடுக்க மறுத்தவர்களின் வீடுகளை எரித்தார்கள். அறுவடைக் காலத்துக் காப்பியை அள்ளிச் சென்றார்கள். 1997-இல் ஆயிரக்கணக்கானோர் உடுத்த துணியோடு வெளியேறினார்கள்.

அப்படி வந்து ஆக்டியால் என்ற சிற்றூரில் ஒதுங்கியிருந்தவர்கள், அமைதி வேண்டி நோன்பிருந்து வழிபட்டுக்கொண்டிருந்த டிசம்பர் 22 அன்று அந்த ஆயுதக் குழுவினரால் சுடப்பட்டார்கள். இறந்தவர்கள் 45 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். துப்பாக்கிச் சூடு பல மணி நேரம் நீடித்தது. காவலர்கள் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தார்கள். இதைச் சொல்லும் ஒவ்வொரு முறையும் எனக்கு நாத் தடுமாறுகிறது.

பன்னிரண்டே நாள் கழித்து, 1998 ஜனவரி 3 அன்று, ஷோயெப் என்ற அகதி முகாமுக்குள் அரசுப் படையினர் வந்தபோது, அவர்களின் தோளுயரம்கூட இல்லாத பெண்கள் வெறுங்கையால் அவர்களை நெட்டித் தள்ளினார்கள். அந்தப் புகைப்படம் உலகெங்கும் பரவியது. அமைதியைக் கற்பிக்க வெளியிலிருந்து எவரும் அங்கே போக வேண்டியிருக்கவில்லை என்பதற்கு எனக்கு அந்தப் படம் ஒன்றே போதும்.

அப்படியானால் வெளியார் எதற்கு? நம் ஊர்களில் ஒரு பெண் தனியே பயணம் போக நேர்ந்தால், துணைக்கு ஒரு சிறு பிள்ளையையாவது அனுப்பிவைப்பார்கள். அந்தப் பிள்ளையால் யாரோடும் மல்லுக்கு நிற்க முடியாது. ஆனாலும் இரண்டு கண்கள் கூட இருக்கின்றன என்பதே தீங்கு நினைப்பவனைத் தயங்க வைக்கும். சியாப்பாசில் நடந்த பணியும் இதுவே. அப்பகுதியின் கத்தோலிக்க ஆயர் சாமுவேல் ரூயிஸ் தொடங்கிய மனித உரிமை மையம் ஊர்களில் அமைதி முகாம்களை அமைத்துப் பார்வையாளர்களைத் தங்க வைத்தது. 1998-இல் கிறிஸ்தவ அமைதியாளர் குழு என்ற வெளிநாட்டு அமைப்பினர் வந்து தேனீக்களோடு முகாம்களில் தங்கினார்கள், சேர்ந்து நோன்பிருந்தார்கள், கண்டதை எழுதி வெளியே அனுப்பினார்கள்.

இந்தத் துணைக்கு ஓர் எல்லையும் உண்டு. செனலோவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பங்குத்தந்தையாக இருந்த பிரெஞ்சுக்காரர் மிஷேல் ஷான்தோவை 1998 பிப்ரவரியில் அரசு நாட்டைவிட்டே வெளியேற்றியது. துணைக்கு வந்தவரை விமானத்தில் ஏற்றிவிடலாம். ஊர்க்காரர்கள் அங்கேயேதான் இருந்தாக வேண்டும். ஆகவே எந்த நாளில் ஊர் திரும்புவது, யாரோடு பேசுவது, எதற்கு இணங்குவது என்ற முடிவுகள் அவர்களுடையவையாகவே இருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். 1999-இல் அவர்கள் மாயா வினிக் என்ற காப்பிக் கூட்டுறவை அமைத்துக்கொண்டதையும் இந்த வரிசையிலேயே வைக்கிறேன். பறிபோன விளைச்சலைத் தம் பெயரிலேயே மீண்டும் விற்பது அமைதிப் பணி அல்லாமல் வேறென்ன?

துணை நிற்பவருக்கு உண்மையான சோதனை இதற்குப் பிறகுதான் வருகிறது. 2009-இல் மெக்சிகோவின் உச்ச நீதிமன்றம், வழக்கு நடந்த முறையில் இருந்த குறைகளைக் காரணம் காட்டி, ஆக்டியால் கொலைகளுக்காகத் தண்டிக்கப்பட்டிருந்தவர்களில் பலரை விடுவித்தது. 2020 செப்டம்பரில் அரசு தன் பொறுப்பை ஏற்று மன்னிப்புக் கேட்டபோது, உயிர் தப்பியவர்களில் ஒரு பிரிவினர் அரசோடு உடன்பாட்டுக்கு இணங்கினார்கள். ஆக்டியாலின் தேனீக்கள் அமைப்பு இணங்கவில்லை. திட்டமிட்டவர்கள் யார் என்பது வெளிப்பட வேண்டும் என்று, அமெரிக்க நாடுகளுக்கிடையிலான மனித உரிமை ஆணையத்தில் தங்கள் வழக்கை அவர்கள் தொடர்கிறார்கள். சமரசம் வந்துவிட்டால் நல்லது என்ற ஆசை நம்மைப் போன்றவர்களுக்கு எளிதில் எழும். இழந்தவர்களை அதற்காக அவசரப்படுத்தும் உரிமை நமக்கு இல்லை. இணங்கியவர்களைக் குறை சொல்லும் உரிமையும் இல்லை.

ஒவ்வொரு மாதமும் 22-ஆம் நாள் அவர்கள் ஆக்டியாலில், இறந்தவர்களைப் புதைத்த இடத்தில் கூடுகிறார்கள். வழிபாடு நடக்கும், அறிக்கை ஒன்று வாசிக்கப்படும். துணைக்கு வந்தவர்கள் கூட்டத்தோடு உட்கார்ந்து கேட்பார்கள்.