எகிப்தைத் தாங்கியது உழைத்த கையே!

நடுவர் அவர்களே, அவையோரே, எதிரணி நண்பர்களே, வணக்கம்.

"பண்டைய எகிப்தைத் தாங்கி நின்றது எழுதுகோலா, உழைத்த கையா?" உழைத்த கையே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய ஐயா, எழுத்தர் இல்லையென்றால் வரி இல்லை, களஞ்சியம் இல்லை, பிரமிடே இல்லை என்றார். கெத்தி என்ற தந்தை, மகனை எழுத்தர் பள்ளியில் சேர்க்கப் படகில் அழைத்துப் போகும்போது சொன்ன அறிவுரையையும் எடுத்துக்காட்டினார். குயவன் சேற்றில் கிடக்கிறான், சலவைக்காரன் முதலைக்குப் பக்கத்தில் நின்று துவைக்கிறான், எழுத்தனுக்கு மட்டும்தான் மேலே ஒரு மேற்பார்வையாளன் இல்லை என்கிறது அது.

சரி ஐயா, அது யார் யாருக்குச் சொன்னது? எழுத்தர் ஆகப்போகும் பிள்ளைகள் பார்த்தெழுதிப் பழகிய பாடம் அது. தன் தொழிலை உயர்த்த அடுத்தவன் தொழிலைத் தாழ்த்திப் பேசுகிற ஒரு பாடத்தை, குயவனுக்கு எதிரான சாட்சியாக நான் ஏற்க மாட்டேன். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் அந்த நாட்டில் மிகச் சிலர். அவர்கள் அளந்து கணக்கெழுதிய தானியம், நைல் வெள்ளம் வடிந்ததும் சேற்றில் இறங்கி விதைத்த உழவனின் தானியம்.

அந்த உழைப்பாளிகள் யார்? லக்சருக்கு எதிரே, நைலின் மேற்குக் கரையில் தெய்ர் எல்-மதீனா என்றொரு ஊர். அரசர்களின் பள்ளத்தாக்கில் கல்லறைகளைக் குடைந்து ஓவியம் தீட்டியவர்கள் குடும்பத்தோடு வாழ்ந்த ஊர். இரண்டாம் ராம்சேஸின் 40-ஆம் ஆட்சியாண்டில் எழுதிய அவர்களுடைய வருகைப் பதிவு ஒன்று இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சுண்ணாம்புக் கல்லில் 40 பேர் பெயர். வராத நாள்கள் கறுப்பு மையில், ஏன் வரவில்லை என்பது சிவப்பு மையில். ஒருவரைத் தேள் கொட்டியிருக்கிறது. ஒருவருக்குக் கண்வலி. ஒருவர் வீட்டில் பீர் காய்ச்சினார். ஒருவர் இறந்த தாயின் உடலைத் துணியால் சுற்றினார். சாட்டைக்கு அடங்கிய பெயரில்லாக் கூட்டம் என்று நாம் சினிமாவில் பார்த்துப் பழகியவர்கள் இவர்கள் அல்லர்.

அவர்களுக்கு நாணயச் சம்பளம் கிடையாது. ஒரு சாதாரணத் தொழிலாளிக்கு மாதம் ரொட்டிக்கு 4 மூட்டை கோதுமை, பீருக்கு ஒன்றரை மூட்டை பார்லி. மூன்றாம் ராம்சேஸின் 29-ஆம் ஆட்சியாண்டில், கி.மு. 1157 வாக்கில், அதுவும் வரவில்லை. "பசிக்கிறது, இந்த மாதத்தில் 18 நாள் போய்விட்டது" என்று சொல்லிக்கொண்டே காவல் அரண்களைத் தாண்டி வந்து, ஒரு கோயிலின் பின்புறம் உட்கார்ந்துவிட்டார்கள். துணி இல்லை, எண்ணெய் இல்லை, மீன் இல்லை, காய்கறி இல்லை, மன்னருக்கு எழுதுங்கள் என்றார்கள். உலகில் நமக்குக் கிடைத்த மிகப் பழைய வேலைநிறுத்தப் பதிவு இதுதான் நடுவர் அவர்களே! அதிகாரிகள் வந்து பேசினார்கள், வாக்குக் கொடுத்தார்கள். இவர்கள் அசையவில்லை. கடைசியில் முந்தைய மாத பாக்கி வந்தது.

"அந்தச் செய்தியே அமென்நக்த் என்ற எழுத்தரால்தானே நமக்குத் தெரிகிறது?" என்று எதிரணி கேட்கும். உண்மை, அவருக்கு நான் மனதார நன்றி சொல்கிறேன். ஆனால் அவருக்கு எழுத ஒரு செய்தியைக் கொடுத்தவர்கள் உளியைக் கீழே வைத்த அந்தத் தொழிலாளர்கள். அவர்கள் உட்கார்ந்ததும் மன்னரின் கல்லறை வேலை நின்றது. எழுதுகோல்களால் அதை மறுபடி நடத்த முடியவில்லை.

அடுத்து பேச வரும் நண்பருக்கு ஒரே கேள்வி. களஞ்சியமும் கணக்கும் எழுத்தர்கள் கையில்தான் இருந்தன என்கிறீர்கள். அப்படியென்றால் அந்த 18 நாள் தானியம் ஏன் வரவில்லை?