ஆஸ்பத்திரி கட்டியவர்களே டம்ளரும் செய்தார்கள்!

(காட்சி: தக்கலை சாயாக்கடை. கையில் கண்ணாடி கிளாஸ்.)

வணக்கம். வீடு கட்டித் தருகிற இன்ஜினியரிடம் போய், "அப்படியே நாற்காலியும், தண்ணீர் குடிக்க டம்ளரும் செய்து கொடுங்க" என்று கேட்டால் என்ன சொல்வார்? பின்லாந்தில் ஒரு தம்பதி அத்தனையும் செய்தார்கள். ஆல்வார் ஆல்ட்டோ, ஐனோ ஆல்ட்டோ. இருவருமே கட்டடக் கலைஞர்கள். தாங்கள் வடிவமைத்த மரச்சாமான்களை விற்க, இன்னும் இரண்டு பேரோடு சேர்ந்து 1935-இல் ஹெல்சின்கியில் ஆர்டெக் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். வரலாறு இவ்வளவு போதும், ஆஸ்பத்திரிக்குள் போவோம்.

(காட்சி: பைமியோ மருத்துவமனைப் படங்கள்.)

இவர்கள் வடிவமைத்த பைமியோ காசநோய் மருத்துவமனை, 1933. அந்த நோய்க்குச் சரியான மருந்து வராத காலம். வெயில், நல்ல காற்று, ஓய்வு, இவைதான் வைத்தியம். நோயாளி மாதக்கணக்கில் படுத்தே கிடப்பார். படுத்திருப்பவர் கண்ணுக்கு எப்போதும் தெரிவது சீலிங்தானே? அதனால் அதற்குக் கண்ணை உறுத்தாத பச்சை நிறம் பூசினார்கள்.

அடுத்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அறைக்கு இரண்டு நோயாளிகள். ராத்திரி ஒருவர் எழுந்து கை கழுவினால் மற்றவர் தூக்கம் கெடக் கூடாது. வாஷ்பேசினின் உள்பக்கத்தைச் சரிவாக அமைத்தார்கள். குழாய்த் தண்ணீர் நேராகக் கொட்டாமல் சரிவில் பட்டு வழுகி இறங்கும், சத்தம் எழாது. அம்மாவுக்குத் துணையாக ஒரு ஆஸ்பத்திரியில் ஐந்து இரவு தங்கியவன் நான். எவர்சில்வர் பேசினில் தண்ணீர் விழும்போதெல்லாம் அம்மா திடுக்கிட்டுக் கண் விழிப்பார். அந்தப் பேசினைப் பற்றிப் படித்த அன்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அங்கே போட்ட நாற்காலியும் அப்படித்தான். இரும்புக் குழாய் குளிரும் என்று பிர்ச் என்ற குளிர்நாட்டு மரத்தை வளைத்துச் செய்தார்கள். நோயாளி மூச்சு விட வசதியாக முதுகுப் பக்கம் சாய்ந்திருக்கும். நம் பத்மநாபபுரம் அரண்மனையில் பல மூலிகை மரங்களைச் சேர்த்துச் செய்த கட்டில் இருக்கிறதே, ஞாபகம் வருகிறதா? உடம்புக்கு நல்லது செய்யணும் என்ற அதே எண்ணம்தான். அது ராஜாவுக்கு, இது சாதாரண நோயாளிக்கு.

அப்புறம் ஆல்ட்டோ வடிவமைத்த முக்காலி. மரக்காலை எப்படி வளைத்தார்கள் தெரியுமா? கட்டையின் ஒரு முனையில் மட்டும் நீளவாக்கில் ரம்பத்தால் கீறி, கீறலுக்குள் மெல்லிய மரச்சீவல்களைப் பசை வைத்துச் செருகி, அப்புறம் வளைத்தார்கள். வீட்டில் வேலை செய்த ஆசாரி அண்ணனிடம் அதைச் செய்யும் வீடியோவைக் காட்டினேன். இரண்டு முறை நிறுத்திப் பார்த்துவிட்டு, "கீறினவன் கெட்டிக்காரன்" என்றார்.

சரி, கிளாஸுக்கு வருவோம். நம் சாயா கிளாஸில் கோடுகள் நெடுக்காக ஓடும். ஐனோ 1932-இல் வடிவமைத்த கிளாஸில் சுற்றிச் சுற்றி வளையங்கள், குளத்தில் கல் போட்டால் எழும் அலை மாதிரி. அந்த வளையங்கள் அழகுக்கு மட்டும் இல்லை, கிளாஸுக்கு உறுதியும் தரும். இன்றும் விற்பனையில் இருக்கிறது.

உங்கள் வீட்டில் ஆசாரி செய்த பழைய கட்டிலோ முக்காலியோ இருந்தால், கால் சேரும் இணைப்பு கிட்டத்தில் தெரியும்படி ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். அடுத்த வீடியோவில் ஆசாரி அண்ணனையே உட்கார வைத்துப் பேசுவோம்.