48 கிராம்

கர்த்தருக்கு ஸ்தோத்திரம், எல்லாருக்கும் வணக்கம். சத்தம் நல்லாக் கேக்குதா? உங்களுக்காக ஃபேன நிறுத்தி வச்சிருக்கேன், வேர்த்துக் கொட்டுது. இங்க பினாங்கு ஆயர் ஈத்தாம்ல விடியக்காலையில ஒரு மழை அடிச்சுது, அதோட ஒரே புழுக்கம். தண்ணி கலக்கி வச்சிருக்கேன், குடிச்சுக்கிட்டே பேசுறேன்.

போன வீடியோவுக்குக் கீழ நிறையப் பேரு கேட்டிருந்தீங்க. "அக்கா, பரிசுத்தத்துல எப்படி வளர்றது, தினமும் எத்தன மணி நேரம் ஜெபம் பண்ணணும்"னு. நானும் அஞ்சு பாயிண்ட் எழுதி வச்சிருந்தேன். அத இன்னிக்குச் சொல்ல மனசு வரல. போன வாரம் இந்த மேசையில ஒரு சங்கதி நடந்துபோச்சு.

இங்க பாருங்க, கேமராவக் கிட்டக் கொண்டு வர்றேன். செவப்பு மூடி பாலாங், அதான் பலகாரம் போடுற டப்பா. தீபாவளிக்கு, கிறிஸ்மஸுக்கு நான் முறுக்கு போட்டு விக்கிறது இதுலதான். காலி பாலாங்க மூடியோட தராசுல வைக்கிறேன். என்ன காட்டுது? 48.

என் வழக்கம் என்னன்னா, பாலாங்கத் தராசுல வச்சு முறுக்கப் போட்டுக்கிட்டே வருவேன். 500 காட்டுனா மூடி, டேப்பு சுத்தி, ஸ்டிக்கர் ஒட்டிருவேன். 'முறுக்கு, 500 கிராம், 22 ரிங்கிட்'. உள்ள இருக்கறது 452.

மூணு தீபாவளியா இதே கதைதான். தெரியாமச் செஞ்சுட்டேன்னு சொல்லத்தான் பார்த்தேன், வாய் வரல. இந்த ஓரத்துல 'டேர்'னு ஒரு பட்டன் இருக்கு பாருங்க. கேக் போடுறப்ப கிண்ணத்த வச்சு, இத ஒரு தட்டு தட்டி பூஜ்யம் ஆக்குன பிறகுதான் மாவே கொட்டுவேன். கேக்குக்கு ஞாபகமாப் போற வெரலு, முறுக்குக்கு மட்டும் மறந்துபோச்சாம்!

போன வாரம் ஒரு நாள் காலைத் தியானத்துல பைபிள்ல லேவியராகமம் 19. நெசமாச் சொல்றேன், அந்தப் புஸ்தகம் வந்தா நான் வேகமாப் புரட்டுற ஆளு. ஆனா இந்த அதிகாரம் தொடங்குறதே "பரிசுத்தராயிருங்கள்"னு. சரி, அடுத்து உபவாசம், கண்ணீர் ஜெபம், இதெல்லாம் வரும்னு உக்காந்தேன். வயல் ஓரத்தத் தீர அறுக்காத, ஏழைக்கும் பரதேசிக்கும் விட்டு வையின்னு வருது. கூலிக்காரன் கூலி விடியற வரைக்கும் உன் கையில இருக்கக் கூடாதுங்குது. செவிடனத் திட்டாத, குருடன் முன்னால தடுக்கல் வைக்காத. அப்படியே போயி 36ஆம் வசனத்துல நிக்குது, "சுமுத்திரையான தராசு". நேர்மையான தராசுன்னு அர்த்தம். மேசையில பைபிள், ஒரு சாண் தள்ளி இந்தத் தராசு. நான் ரெண்டையும் பார்த்துக்கிட்டு இருக்கேன்.

அதே வசனத்துல இன்னொண்ணும் இருக்கு. அடிமையா இருந்த எகிப்துலேர்ந்து உங்களக் கொண்டுவந்த கர்த்தர் நான்னு சொல்லி முடிக்கிறார். தராசுக்கும் எகிப்துக்கும் என்ன சம்பந்தம்னு யோசிச்சேன். அப்ப எனக்கு எங்க பாட்டி ஞாபகம் வந்துச்சு.

பாட்டி கெடா மாநிலத்துல ஒரு தோட்டத்துல பால்மரம், அதான் ரப்பர் மரம் சீவுனது. இருட்டோட எந்திரிச்சுப் போயி, சீவி, பாலெடுத்து, வாளியத் தூக்கிக்கிட்டு நிறுக்கற எடத்துக்கு வரும். அங்க கிராணி, அதான் தோட்டத்துக் கணக்கரு, வாளி எடைன்னு கழிப்பாரு. "வாளி என்னமோ இரும்புத் தூணு மாதிரி கழிப்பான்டி"ன்னு பாட்டி சாகுற வரைக்கும் சொல்லிச்சு. எதுத்துக் கேட்டா நாளைக்கு வேற நெரைக்கு, வேற மர வரிசைக்கு மாத்திருவாங்க, மேட்டுல ஏறி இறங்கணும். அந்தப் பாட்டியோட பேத்தி நான். அந்தக் கிராணி வாளிக்கு அதிகமாக் கழிச்சாரு, நான் பாலாங்குக்குக் கழிக்கவே இல்ல. அவ்ளோதான் வித்தியாசம், ரெண்டு பேரு கையிலயும் தராசு ஒரே பக்கந்தான் சாஞ்சுது.

எங்க சபை மெத்தடிஸ்ட். அத ஆரம்பிச்சு வச்ச ஜான் வெஸ்லி பரிசுத்தத்தப் பத்திப் பேசாத நாளே இல்லன்னு சொல்லலாம். அவரு காலத்துல வகுப்புக் கூட்டம்னு ஒண்ணு இருந்துச்சு, இப்ப நம்ம வீட்டுக்கூட்டம் மாதிரி. அது எப்படி ஆரம்பிச்சுது தெரியுமா? 1742ல இங்கிலாந்துல பிரிஸ்டல்ல, கட்டடக் கடன அடைக்க. ஆளுக்கு வாரம் ஒரு பென்னி, பன்னெண்டு பேருக்கு ஒரு தலைவர்னு பிரிச்சாங்க. அவரு காசு வாங்க வீடு வீடாப் போறாரு. போனா ஒரு வீட்டுல புருஷன் பொண்டாட்டி சண்டை, இன்னொருத்தர் நல்லாக் குடிச்சிருக்காரு. ஞாயித்துக்கிழமை பார்க்கறப்ப தெரியாததெல்லாம் பென்னி வாங்கப் போனப்பத் தெரிஞ்சுது. வெஸ்லி அதக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டாரு. அந்த ஏற்பாடு எனக்கு ரொம்பப் புடிக்கும். இந்த அடுப்படிக்கு அப்படி யாராச்சும் வந்திருந்தா நான் எப்பவோ மாட்டியிருப்பேன்.

வீட்டுக்காரர் கிட்ட சொன்னேன். "யாருக்குத் தெரியப்போவுது, பேசாம இனிமே சரியா நிறு"ன்னாரு. நல்ல மனுஷன், தப்பா நெனைக்காதீங்க. எனக்கும் அது சுலபமாத்தான் பட்டுது. பக்கத்து வீட்டு அக்கா கத்தோலிக்கர், வருஷா வருஷம் ஜூலை மாசம் புக்கிட் மெர்த்தாஜாம் அன்னம்மாள் திருவிழாவுக்குப் போயி மெழுகுவத்தி புடிச்சு நடக்குறவங்க. அவங்க கிட்ட சொன்னதும் சிரிச்சுட்டாங்க. "எங்க சாமியார் கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணியிருந்தா, மொதல்ல எடுத்தத திருப்பிக் கொடுன்னுதான்டி சொல்லியிருப்பாரு"ன்னாங்க. அவங்களும் என்கிட்ட ரெண்டு பாலாங் வாங்குனவங்க, அதச் சொல்லணும்.

சரி, எவ்ளோ திருப்புறது? லேவியராகமம் 6ல, எடுத்ததோட அஞ்சுல ஒரு பங்கு சேத்துக் கொடுன்னு இருக்கு. இயேசுவப் பார்த்து மனசு மாறுன வரி வசூல்காரர் சகேயு நாலு மடங்கு கொடுக்கறேன்னாரு. இந்தத் தீபாவளிக்கு மட்டும் 64 பாலாங், நோட்டுல எழுதியிருக்கேன். 64ஐ 48ஆல பெருக்குனா 3 கிலோவுக்கு மேல. சகேயு கணக்குன்னா 12 கிலோ தாண்டுது. நான் இன்னும் சகேயு ஆகல, மன்னிச்சுக்குங்க. பாலாங்குக்கு 60 கிராம்னு வச்சேன், அஞ்சுல ஒரு பங்கு அதுல அடங்கிரும்.

இதுனால இரட்சிப்பு வாங்குறேன்னு யாரும் எழுதாதீங்க. அது சிலுவையில முடிஞ்ச காரியம், அறுபது கிராம் முறுக்குக்குக் கெடைக்கற சாமான் இல்ல. ஆனா பிலிப்பியர் 2ல பவுல், உங்க இரட்சிப்பு நிறைவேறப் பிரயாசப்படுங்கன்னு சொல்லிட்டு, அடுத்த வசனத்துலயே உங்களுக்குள்ள செய்யறவர் தேவன்னு சொல்றாரு. முன்னெல்லாம் எனக்கு அது ஒண்ணுக்கொண்ணு இடிக்கிற மாதிரி இருக்கும். 36ஆம் வசனத்துல என்ன நிறுத்துனது நான் இல்ல. வாட்ஸ்ஆப்ல டைப் பண்ணது நான்தான், கை நடுங்கிச்சு.

எல்லாருக்கும் ஒரே மெசேஜ். ரெண்டு பேரு பதிலே போடல, ஒருத்தர் கிறிஸ்மஸ் ஆர்டர கேன்சல் பண்ணிட்டாரு. அது அவரு உரிமை. ஒரு டீச்சர், "அப்ப என் இடுப்பு பெருத்ததுக்குக் காரணம் நீ இல்லியா"ன்னு கேட்டாங்க.

போன வருஷ நோட்டத் தேடிக்கிட்டு இருக்கேன், இன்னும் கெடைக்கல. இருங்க, எண்ணெய் காஞ்சிருச்சு. அச்சுல மாவு ரெடி. தேங்காப்பால் ஊத்திப் பெசஞ்சது, சலசலப்பு அடங்குனா எடுத்துரணும். காலி பாலாங் தராசுல இருக்கு. டேர். பூஜ்யம் காட்டுதா? தெரியுதா உங்களுக்கு?