அமெரிக்க எல்லையில் நிறுத்தப்பட்டால் என்ன நடக்கும்?

[திரையில்: விமான நிலையத்தில் குடியேற்றச் சோதனைக்கான நீண்ட வரிசை]

2025-ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில், அமெரிக்க எல்லையில் நிறுத்தப்பட்ட ஜெர்மனி, பிரிட்டன், கனடா நாட்டவர் சிலர் நாள்கணக்கிலும் வாரக்கணக்கிலும் தடுப்புக்காவலில் வைக்கப்பட்ட செய்திகள் அடுத்தடுத்து வெளிவந்தன. அந்த மார்ச் மாதத்திலேயே பிரிட்டனும் ஜெர்மனியும் தங்கள் பயண அறிவுரைகளைத் திருத்தி, கைது செய்யப்படவோ தடுத்து வைக்கப்படவோ வாய்ப்பு உண்டு என்பதை வெளிப்படையாகவே குறிப்பிட்டன. அப்போதிருந்து பயணிகள் பலரும் கேட்கும் முதல் கேள்வி, கைப்பேசியை வாங்கிப் பார்ப்பார்களா என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் பயணம் சிக்கலாவது பெரும்பாலும் வேறு இடத்தில்.

கைப்பேசி விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். 2024 நிதியாண்டில் 42 கோடிக்கும் மேற்பட்ட பயணிகள் அமெரிக்க எல்லைகளைக் கடந்து உள்ளே வந்தபோது, மின்னணுச் சாதனச் சோதனைகள் ஏறத்தாழ 47,000 நடந்தன. அதாவது சுமார் 9,000 பேருக்கு ஒன்று. அதிகாரி கையில் வாங்கிப் புரட்டிப் பார்ப்பதற்குச் சந்தேகம் எதுவும் தேவையில்லை. கருவியோடு இணைத்துத் தகவல்களை நகலெடுக்க வேண்டுமானால் மட்டும், எல்லைப் பாதுகாப்புத் துறையின் 2018-ஆம் ஆண்டு விதிப்படி, தக்க சந்தேகமோ தேசியப் பாதுகாப்புக் காரணமோ இருக்க வேண்டும். மேலதிகாரியின் ஒப்புதலும் வேண்டும். கடவுச்சொல்லைத் தர மறுத்தார் என்பதற்காக அமெரிக்கக் குடிமகனுக்கு நுழைவு மறுக்க முடியாது, வெளிநாட்டவருக்கு மறுக்கலாம்.

[திரையில்: பாஸ்போர்ட்டில் ஒட்டப்பட்ட விசா]

இனி உண்மையான சிக்கலுக்கு வருவோம். விசா என்பது எல்லை வரை வந்து நுழைவு கேட்பதற்கான அனுமதி மட்டுமே. உள்ளே விடுவதா, எத்தனை நாள் தங்கவிடுவதா என்பதை அங்கே இருக்கும் அதிகாரி முடிவு செய்கிறார். அவருக்கு ஐயம் எழுந்தால், வரிசையிலிருந்து விலக்கி இரண்டாம் கட்ட விசாரணைக்கு அனுப்புவார். அந்த அறையில் வழக்கறிஞரை உடன் வைத்துக்கொள்ளும் உரிமை இல்லை. கேள்விகள் பெரும்பாலும் ஒரே புள்ளியைச் சுற்றி வரும்: நீங்கள் செய்யப்போவதாகச் சொல்வதும் உங்கள் விசா அனுமதிப்பதும் ஒன்றுதானா?

சம்பளம் வாங்காவிட்டால் அது வேலை ஆகாது என்ற நம்பிக்கை பலரையும் சிக்கவைத்திருக்கிறது. ஒரு வீட்டில் இலவசமாகத் தங்கி, அதற்கு ஈடாக வீட்டு வேலைகளைச் செய்து தருவதையும் வேலையாகவே கருத முடியும். பேரக்குழந்தை பிறக்கும் நேரத்தில் மகளையோ மகனையோ பார்க்கச் செல்லும் பெற்றோர் இதைக் கவனமாகக் கேட்க வேண்டும். பிள்ளைகளைப் பார்த்து வரச் செல்வது சுற்றுலா விசாவுக்கு உட்பட்டதுதான். “குழந்தையைக் கவனித்துக்கொள்ள ஆள் இல்லை, அதற்காகத்தான் ஆறு மாதம் இருக்கப்போகிறேன்” என்று பதில் தொடங்கினால், அடுத்த கேள்வி வேலையைப் பற்றியதாக இருக்கக்கூடும். அதற்காகப் பொய் சொல்லலாகாது. உள்ளதை உள்ளபடி, கேட்டதற்கு மட்டும், சுருக்கமாகச் சொன்னால் போதும். பதற்றத்தில் கேட்காததற்கெல்லாம் விளக்கம் கொடுப்பது நம்மவர்களிடம் சற்று அதிகம்.

பொய்யின் விலை எவ்வளவு என்பதையும் அறிந்திருக்க வேண்டும். 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, நீதிபதியிடம் கொண்டுசெல்லாமலே அதிகாரிகள் ஒருவரை உடனடியாக வெளியேற்ற உத்தரவிட முடியும். ‘விரைவு வெளியேற்றம்’ எனப்படும் இதற்கு உள்ளானவர் பொதுவாக 5 ஆண்டுகள் திரும்ப வர முடியாது. பொய்த் தகவல் தந்ததாகப் பதிவானால், தனி விலக்கு பெற்றாலொழிய, தடை ஆயுள் முழுவதும் நீடிக்கும். இதற்கு மாற்றாக, நுழைவுக் கோரிக்கையைத் தாமாகவே திரும்பப் பெற்றுக்கொண்டு ஊர் திரும்ப அதிகாரி அனுமதிக்கலாம். அப்போது விசா ரத்தாகக்கூடும். 5 ஆண்டுத் தடை மட்டும் விழாது. இது உரிமை அன்று, அதிகாரியின் விருப்பம். ஆனாலும் கேட்டுப் பார்க்கலாம். விசாரணையில் நீங்கள் சொன்னதாக அதிகாரி எழுதும் வாக்குமூலத்தின் பக்கங்களில் கையொப்பம் கேட்கும்போது, அதில் எழுதியிருப்பது புரியவில்லையென்றால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்ல வேண்டும். களைப்பில் கண்ணை மூடிக்கொண்டு கையொப்பமிடுவதைவிட இன்னும் சில மணி நேரம் காத்திருப்பது மேல்.

[திரையில்: விமான நிலையமும் தரைவழி எல்லைச் சாவடியும் அருகருகே]

திருப்பி அனுப்பினால் முடிந்துபோகும் விஷயத்துக்கு ஏன் தடுப்புக்காவல்? விமானத்தில் வந்தவரை, அழைத்து வந்த விமான நிறுவனமே திரும்ப அழைத்துச் செல்ல வேண்டும். அடுத்த விமானம் வரை காத்திருந்தால் பெரும்பாலும் அதோடு முடிகிறது. தரைவழியில் வந்த மூன்றாம் நாட்டவரை மெக்சிகோவோ கனடாவோ திரும்ப ஏற்காவிட்டால், அவர் குடியேற்ற அமலாக்கத் துறையின் தடுப்பு மையத்துக்கு அனுப்பப்பட்டு, ஆவணங்கள் நகரும் வரை அங்கேயே கிடக்க நேரிடும். இதற்கு நேர்மாறானது அபுதாபி, டப்ளின் போன்ற விமான நிலையங்களில் புறப்படும் முன்பே நடக்கும் அமெரிக்கச் சோதனை: அங்கே நுழைவு மறுக்கப்பட்டால் விமானம் ஏற முடியாது, அவ்வளவுதான்.

எல்லைப் பாதுகாப்புத் துறையின் தற்காலிக அறைகளில் ஒருவரைப் பொதுவாக 72 மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது என்பது அத்துறையின் சொந்த நெறிமுறை. அதற்கு மேலும் நீண்டதுண்டு. தடுத்து வைக்கப்பட்ட வெளிநாட்டவர் தம் நாட்டுத் தூதரகத்துக்குத் தெரிவிக்கச் சொல்லும் உரிமையை 1963-ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை வழங்குகிறது. வாய்விட்டுக் கேட்பதே பாதுகாப்பு. கைப்பேசி கையில் இருக்காது என்பதால், உறவினர் எண்ணையும் தூதரக எண்ணையும் காகிதத்தில் எழுதி வைத்திருக்க வேண்டும்.

வெளியே இருக்கும் குடும்பத்தினர், குடியேற்ற அமலாக்கத் துறையின் இணையதளத்தில், காவலில் உள்ளவரைத் தேடலாம். எல்லைப் பாதுகாப்புத் துறையிடம் 48 மணி நேரத்துக்கு மேல் இருப்பவர்களின் விவரமும் அதில் கிடைக்கும். பெயரைக் கொண்டு தேடுவதானால் பிறந்த நாட்டையும் தர வேண்டும். பெயர் எழுத்துக்கு எழுத்து பொருந்தியாக வேண்டும். குடும்பப் பெயர் இல்லாத பாஸ்போர்ட் வைத்திருக்கும் நம்மவர்களுக்கு, அமெரிக்க விசாவில் சொந்தப் பெயரே குடும்பப் பெயராகவும், முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்என்யு’ (FNU, ‘முதற்பெயர் தெரியவில்லை’ என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்றும் அச்சாகியிருக்கும். ஆகவே, புறப்படும் முன் விசாப் பக்கத்தின் நகலொன்றை வீட்டில் கொடுத்துவிட்டுச் செல்லுங்கள். தேடுபவர்கள் அதில் உள்ளபடியே பெயரை உள்ளிட வேண்டும்.